என் தோலுக்குப் பெயர் வைத்தவர்கள்

போன வருடம் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடைக்கு மகளோடு போயிருந்தேன். அழகுப் பொருட்கள் பகுதியில் நின்ற இளம்பெண் என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "மேம், உங்க ஸ்கின் டைப் என்ன?"

தெரியாது என்றேன். அவள் சிரித்தாள். கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைத்து, கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆயிலி ஸ்கின் மேம். ஆனா கன்னம் ட்ரை. காம்பினேஷன்னு சொல்வோம். பிக்மென்டேஷன் இருக்கு. சென்சிட்டிவ்வும்தான்." அரை நிமிடத்தில் என் முகத்துக்கு நான்கு பெயர்கள் கிடைத்துவிட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குப்பி. பில் 2,400 ரூபாய்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறாள். மாத இலக்கு இருக்கும். ஆனால் தூத்துக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் ஒரு கேள்வி என்னோடு கூடவே வந்தது. என் ஆச்சிக்கு ஸ்கின் டைப் இருந்ததா? அம்மாவுக்கு? ஆச்சி முப்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். அம்மா ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர்கள் இருவர் உடம்பிலும் தோல் படாத பாடு பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு வகை என்று ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு சொல் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்காக என்று கேட்பது தொழில் பழக்கம். அப்படித் தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. தேடிய வழியில் என் சொந்த முகத்தின் கதையும் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

மஞ்சளும் மாவும்

"அந்தக் காலத்துல நம்ம பாட்டிகளுக்கு எல்லாம் இயற்கைதான்" என்று சொல்லி இந்தக் கதையை ஆரம்பிப்பது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி எல்லாம் சேர்த்து அரைத்த நலங்கு மாவு நம்மிடம் இருந்தது உண்மை. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று உடம்பின் இயல்பைப் பிரித்துப் பார்க்கும் முறை இருந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பிரிவு முழு உடம்புக்குமானது. செரிமானம், தூக்கம், நாடி எல்லாம் சேர்ந்தது. முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து வகை சொல்லவில்லை.

மஞ்சள் எல்லோருக்கும் கிடைத்ததா? பல சாதிகளில் கணவன் இருக்கும்வரைதான் ஒரு பெண் மஞ்சள் பூசிக் குளிக்கலாம். கணவன் இறந்த மறுநாள் அவள் தோலுக்கு மஞ்சளின் தேவை தீர்ந்துபோனது போல ஊர் நடந்துகொண்டது. என் ஆச்சி 34 வயதில் கணவனை இழந்தவள். அதன் பிறகு அவள் முகத்தில் மஞ்சள் ஏறவில்லை. உப்பு ஏறியது. நலங்கு மாவுக்கும் நேரம் வேண்டும், நிழல் வேண்டும், மாவாகப் பூசுவதற்குப் பயறு மிச்சம் இருக்க வேண்டும்.

ஆக, நம் ஊரில் தோல் பராமரிப்பு என்பது மங்கலம், அமங்கலம் என்ற கணக்கிலும் சாதிக் கணக்கிலும் நடந்தது. எண்ணெய்த் தோல், வறண்ட தோல் என்ற கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது.

ஆட்டு ரோமத்திலிருந்து வந்த அழகு

1872ஆம் ஆண்டு போலந்தின் கிராக்கோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹெலனா ரூபின்ஸ்டீன். எட்டுப் பெண் பிள்ளைகளில் மூத்தவர். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை மறுத்துவிட்டு, 1896இல் கப்பலேறி ஆஸ்திரேலியாவில் இருந்த மாமா வீட்டுக்குப் போனார். அது விக்டோரியா மாநிலத்தில் செம்மறி ஆடுகள் மேய்கிற ஒரு சிற்றூர். அங்கே வெயிலில் முகம் சிவந்து வறண்டுபோன வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்தார். செம்மறி ரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் லனோலின் என்ற கொழுப்பும் அந்த ஊரில் தாராளமாகக் கிடைத்தது. அதன் கவிச்சி வாடையை மறைக்க வாசனை சேர்த்தால் முகத்துக்கான கிரீம் தயார்.

1900களின் தொடக்கத்தில் மெல்பேர்னில் கடை திறந்து, அந்தக் கிரீமை 'வலாஸே' என்ற பெயரில் விற்றார். ஐரோப்பாவின் கார்பாத்திய மலை மூலிகைகளில் செய்தது, பெயர் பெற்ற ஒரு மருத்துவர் தந்தது என்றெல்லாம் அதற்கு ஒரு கதையும் வைத்திருந்தார். பிறகு லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று கடை வளர்ந்தது. பெண்களின் தோலை வறண்டது, சாதாரணமானது, எண்ணெய்ப் பசையானது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் விற்றவர் இவர்தான் என்று அழகுத் தொழிலின் வரலாற்றில் சொல்வார்கள். வெள்ளை மேலங்கி அணிந்து, சோதனைக் குழாய்களோடு ஆய்வுக்கூடத்தில் நிற்பது போலப் படமும் எடுத்துக்கொண்டார். அவர் வேதியியல் படித்தவர் அல்ல.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கல்வியும் சொத்தும் மறுக்கப்பட்ட காலத்தில், கல்யாணத்தை மறுத்து வந்த ஒரு புலம்பெயர்ந்த பெண், ஆண்களின் உலகத்தில் பெரிய தொழிலைக் கட்டியெழுப்பினார். அதே கையால் மற்றப் பெண்களின் முகத்தில் குறை கண்டுபிடிக்கும் ஒரு முறையையும் கட்டினார். இரண்டும் உண்மை. பெண்களின் வரலாற்றை எழுதும்போது இப்படி இரண்டையும் சேர்த்தே தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்த மூன்று சொற்களையும் கொஞ்சம் பாருங்கள். நடுவில் 'சாதாரணம்' இருக்கிறது. ஒன்று கூடினால் எண்ணெய், ஒன்று குறைந்தால் வறட்சி. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரிசெய்யப்பட வேண்டியவர். சாதாரணத் தோல் என்று தேறிவிட்டாலும் தப்ப முடியாது. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கிரீம் உண்டு.

அதே காலத்தில் அமெரிக்காவின் பாண்ட்ஸ் நிறுவனம் இரவுக்கு கோல்டு கிரீம், பகலுக்கு வானிஷிங் கிரீம் என இரண்டையும் சேர்த்து வாங்கச் சொல்லி விளம்பரம் செய்தது. இரண்டாவது கிரீம் பூசியதும் தோலுக்குள் மறைந்துவிடும், பிசுபிசுக்காது. இந்த வகைக் கிரீம்தான் நம் ஊரில் 'ஸ்நோ' ஆனது. 1919இல் பம்பாயில் ஈ.எஸ். படன்வாலா தொடங்கிய ஆப்கன் ஸ்நோ இந்தியாவின் ஆரம்பகால அழகுப் பொருட்களில் ஒன்று. பழைய தமிழ்ப் படங்களிலும் கதைகளிலும் "ஸ்நோ, பவுடர் பூசிக்கிட்டு மினுக்குறா" என்று பெண்களைத் திட்டுகிறார்களே, அந்த ஸ்நோ இதுதான். பூசினால் மினுக்கி, பூசாவிட்டால் களையில்லாதவள்.

1968இல் நியூயார்க்கில் கிளினிக் என்ற நிறுவனம் தொடங்கியது. ஒரு பெண்கள் இதழின் ஆசிரியர் கேரல் பிலிப்ஸும், தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக்கும் சேர்ந்து உருவாக்கியது. ஒன்று முதல் நான்கு வரை தோலுக்கு எண் கொடுத்தார்கள். விற்பனைப் பெண்கள் வெள்ளை மேலங்கி அணிந்தார்கள். மருத்துவர் நோயாளியிடம் கேட்பது போன்ற கேள்விகளைக் கடை மேசையில் கேட்கும் வழக்கம் அப்படித்தான் பரவியது. திருநெல்வேலிக் கடையில் என் கன்னத்தைத் தொட்ட விரலுக்கு இவ்வளவு நீண்ட முன்கதை இருக்கிறது.

1975: மூன்று ஊர்கள்

என் தேடலில் ஒரே ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது. 1975. உலகம் அதைச் சர்வதேசப் பெண்கள் ஆண்டாகக் கொண்டாடிய வருடம்.

முதல் ஊர் பாஸ்டன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். கதிர் கூடினால் தோல் வெந்துவிடும். தலைமுடி நிறத்தையும் கண் நிறத்தையும் வைத்து அளவு முடிவு செய்தபோது தப்பாகிப் போனது. அதனால் நோயாளிகளிடமே கேட்டார்: கோடையின் முதல் வெயிலில் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா? பதிலை வைத்து ஒன்று முதல் நான்கு வரை வகை பிரித்தார். நான்கும் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்புத் தோலும் கறுப்புத் தோலும் ஐந்து, ஆறு என்று பின்னால் சேர்க்கப்பட்டன. ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை என உலகின் பெரும்பகுதி மக்கள் பட்டியலின் கடைசியில் ஒண்டிக்கொண்டோம்.

அந்தக் கேள்வியை உப்பளத்தில் நின்ற என் ஆச்சியிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கோடையின் 'முதல் வெயில்' என்பது மாதக்கணக்கில் வெயிலைக் காணாத நாட்டில்தான் உண்டு. மேலே சூரியனும் கீழே வெள்ளை உப்பும் சேர்ந்து சுடுகிற பாத்தியில் முதல் வெயில் ஏது, கடைசி வெயில் ஏது?

ஃபிட்ஸ்பாட்ரிக்கின் நோக்கம் தவறானதல்ல. நோயாளி வெந்துபோகாமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு அது. அதைப் பிறகு நிற அட்டவணையாக உலகம் எடுத்துக்கொண்டது. 2015இல் நம் கைபேசி எமோஜிகளுக்கு வந்த ஐந்து நிறங்கள் இந்த அளவுகோலிலிருந்து வந்தவை. 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கணினி மென்பொருள்களைச் சோதிக்க இதே அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அந்த மென்பொருள்கள் செய்த பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது. ஆறு, பத்து ஆக இத்தனை வருடம் ஆனது.

இரண்டாவது ஊர் ஃபிலடெல்ஃபியா. தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், உடன் ஆய்வாளர் வில்லிஸோடு சேர்ந்து 1975இல் தோலின் கருமையைக் குறைக்கும் ஒரு கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கிளிக்மன் 1950களிலிருந்து 1974 வரை அந்நகரின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டி நின்றவர்கள். அவரது கலவை, மங்கு போன்ற சிக்கல்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து.

மூன்றாவது ஊர் பம்பாய். அதே 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பேச்சில் 'சிவப்பு' என்றால் நிறமல்ல, மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை ஒரு சின்ன டியூபில் கொடுத்தார்கள். மகன் இல்லையே என்று பெருமூச்சு விடும் அப்பாவுக்காக, கறுத்த மகள் கிரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகும் விளம்பரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அந்த விளம்பரங்களை எதிர்த்துத் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. 2003இல் அவற்றில் சில நிறுத்தப்பட்டன. 2009இல் சென்னையிலிருந்து கருமை அழகே என்று ஒரு பெண்கள் அமைப்பு இயக்கம் தொடங்கியது. 2014இல் விளம்பரத் தர ஆணையம், கறுத்தவர்களை அழகற்றவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020இல் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. ஒவ்வொரு அங்குலத்தையும் பெண்கள் பேசிப் பேசித்தான் நகர்த்தியிருக்கிறார்கள்.

உயிரியல் இதில் என்ன சொல்கிறது? நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் நிறமித் துகள்களின் அளவிலும் வகையிலும் பரவலிலும்தான் வேறுபாடு. கருமை ஒரு நோய் அல்ல. சூரியனிடமிருந்து காக்கும் குடை.

என் முகம்

2003இல் எனக்கு 23 வயது. எம்.ஏ. முடித்திருந்தேன். பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து வந்து, "பிள்ளை களையாத்தான் இருக்கு, கொஞ்சம் நெறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது இடத்திலிருந்து வர இரண்டு மாதம் இருந்தது. தெருவில் ஒரு மதினி, தன் தங்கைக்கு மருந்துக்கடையில் வாங்கிய டியூப் ஒரே வாரத்தில் வேலை செய்ததாகச் சொன்னாள். அம்மா சீட்டுப் பணத்தில் அதை வாங்கி வந்தாள். மருந்துச் சீட்டு எதுவும் கடையில் கேட்கவில்லை.

பத்து நாளில் என் முகம் பளபளத்தது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தி, பின்னால் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. இன்றுவரை என்னால் மறக்க முடியாதது அந்த நிம்மதிதான்.

கிரீமை நிறுத்தினால் முகம் எரிந்தது. பூசினால் அடங்கியது. அதனால் பூசினேன். கல்யாணம் முடிந்தும் பூசினேன். எட்டு மாதத்தில் கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள், தாடையில் கூட்டமாகப் பருக்கள், உதட்டுக்கு மேல் ரோமம். அடுப்பின் முன் நிற்க முடியாது. வெயிலில் பத்து நிமிடம் போனால் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு மருத்துவ அம்மா டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா முகத்துக்குப் பூசச் சொன்னது?" என்று கேட்டார். மருந்தின் பெயர்களை அன்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு.

ஃபிலடெல்ஃபியாவின் கலவை தூத்துக்குடியில் என் கன்னத்துக்கு எப்படி வந்தது என்பது, பல வருடம் கழித்து அந்தப் பெயர்களை வரலாற்றில் தேடியபோதுதான் புரிந்தது. வாரக்கணக்கில் பூச வேண்டிய மருந்தை, பம்பாய் உண்டாக்கிய ஆசைக்காக, மாதக்கணக்கில் பூசினேன். என்னைப் போல ஏராளமான பெண்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல்தான் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. என் முகம் பழையபடி ஆக மூன்று வருடம் பிடித்தது. மெல்லிய கோடுகள் இன்னும் இருக்கின்றன. கடைப் பெண் 'சென்சிட்டிவ்' என்று படித்தது அதைத்தான். அது என் வகை அல்ல, எனக்கு நடந்தது.

வேறு ஆபத்தும் உண்டு. சில சிவப்பழகுக் கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறத்தில் 2023 வாக்கில் சிறுநீரக நோயோடு வந்தவர்களிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் என்று தெரிந்தது. லேபிளில் தயாரிப்பாளர் முகவரியோ, சேர்மானமோ இல்லாத கிரீமை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வகை தெரிந்து என்ன செய்வது?

இவ்வளவும் சொன்னதால் தோல் வகை என்பதே பொய் என்று சொல்லவில்லை. தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. சிலருக்கு அதிகம் சுரக்கும், சிலருக்குக் குறைவு. மேல்தோலின் செல்களுக்கு இடையே கொழுப்புப் பூச்சு இருக்கிறது. செங்கலுக்கு நடுவே சாந்து போல அதுதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. சாந்து உதிர்ந்தால் தோல் வறண்டு எரியும். இதைத் தெரிந்துகொள்ள 2,400 ரூபாய் வேண்டாம்.

மென்மையான சோப்பிலோ முகக் கழுவியிலோ முகம் கழுவுங்கள். எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். முகம் முழுதும் மினுங்கினால் எண்ணெய்த் தோல். இழுத்துப் பிடித்து, செதில் தெரிந்தால் வறண்ட தோல். நெற்றி, மூக்கு, தாடை மட்டும் மினுங்கினால் கலப்பு. எது பூசினாலும் எரிந்தால், எளிதில் சீண்டப்படும் தோல்.

எண்ணெய்த் தோலைப் பகையாளியாக நினைத்துத் தேய்க்காதீர்கள். ஒரு நாளில் இரண்டு முறை கழுவினால் போதும். எலுமிச்சையும் சமையல் சோடாவும் முகத்துக்கு வேண்டாம். தோலின் மேல்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. கடினமான சோப்பு காரம். வறண்ட தோலுக்கு, குளித்து ஈரம் காய்வதற்குள் ஈரப்பசை தரும் கிரீமோ எண்ணெயோ பூச வேண்டும். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். நலங்கு மாவுக்கும் இது பொருந்தும். மங்கு இருப்பவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் உதவும். நிறம் கலந்த வகை இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். குடையும் முந்தானையும் கூடக் காப்புதான். ஏற்கனவே ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

முக்கியமான இன்னொன்று. உங்கள் வகை உங்களோடு பிறந்து உங்களோடு சாவதில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் முகம் எண்ணெய் வடியும். கர்ப்பத்தில் மங்கு வரும். தைராய்டு குறைந்தால் வறளும். மாதவிடாய் நின்றபின் சுரப்பு குறையும். என் மாணவி ஒருத்தி கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறது என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். வீட்டில் 'அழுக்கு' என்று திட்டியிருக்கிறார்கள். வெல்வெட் போலத் தடித்துக் கறுக்கும் அந்தத் தோல், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சர்க்கரை நோயின் வாசலில் இருந்தாள். கழுத்து அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்தார்கள்.

கைகளுக்கு வகை இல்லை

மெல்பேர்ன் முதல் திருநெல்வேலி வரை படித்து முடித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கடையில் கேட்கும் ஸ்கின் டைப் முகத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் பார்க்கும் இடத்துக்கு மட்டும்.

ஆச்சியின் பாதம் எனக்கு நினைவிருக்கிறது. பாத்தி மிதித்து, உப்பு வாரி, பெட்டி சுமந்து, குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதில் உப்புத் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று அவள் சொன்னதில்லை. இரவில் விளக்கெண்ணெய் தடவி, துணி சுற்றிப் படுப்பாள். அம்மாவின் கைகள் விடுதிப் பாத்திரங்களைச் சோடாத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ரேகை அழிந்து, விரல் நுனிகள் வெடித்தவை. ரேஷன் கடை இயந்திரம் பல முறை அவள் கைரேகையைப் படிக்கவில்லை. அவள் யார் என்பதையே அவள் செய்த வேலை அழித்திருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் வகை இல்லை. மருத்துவத்தில் மட்டும் 'தொடர்பு ஒவ்வாமை', 'கைக் கரப்பான்' என்று பெயர்கள் உண்டு. அந்த மருத்துவரிடம் போக அவளுக்கு விடுப்பு இல்லை.

கடையிலிருந்து வந்த மறுநாள் நான்கு குப்பிகளில் மூன்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். மருந்துக்கடையில் ஒரு பெட்ரோலியம் ஜெல்லி டப்பா வாங்கினேன். கூடவே பருத்திக் கையுறை ஒரு ஜோடி, பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை ஒரு ஜோடி.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்?" என்றாள் அம்மா. கையை நீட்டச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டேன். வெடிப்பில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள், பிறகு திரும்பவும் நீட்டினாள். சற்று நேரம் கழித்து, என் கன்னத்துக் கோடுகளைப் பார்த்தபடி, "அந்த டியூப நான் வாங்கித் தந்திருக்கக் கூடாது" என்றாள். இருபது வருடத்தில் முதன்முறையாக அதைப் பற்றிப் பேசினாள். "உனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றேன். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. கையுறையை மாட்டிவிட்டேன்.

இந்த வருடம் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் மூத்த பெண் ஒருவரின் கைகளையும் கால்களையும் பார்த்து, எந்தத் தழும்பு எந்த வேலையில் வந்தது, என்ன பூசினார், எவ்வளவு செலவானது என்று கேட்டு எழுதி வர வேண்டும். நீங்களும் கேட்டுப் பாருங்கள். கேட்டு முடித்ததும் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டு வாருங்கள்.